புகை கக்கினால் பவரா?

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜ். ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் நாலு பேர் அங்கே போய் நின்றதற்குக் காரணம் எங்களில் ஒருத்தனின் பெரியப்பா மகன். அண்ணா புதுசா ஒரு கார் எடுத்திருந்தார். புதுசு என்றால் அவருக்குப் புதுசு. காருக்குப் பதினைந்து வயசுக்கு மேல். இரண்டே கதவு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை, ரோட்டோடு ஒட்டின உடம்பு. ஐரோப்பியத் தயாரிப்பு. கம்பனியின் பெயர் வேண்டாம், நாங்கள் சொல்லப்போகிற பிழை கம்பனியுடையது இல்லை. விசேஷம் என்னவென்றால், அவ்வளவு அழகான அந்தக் கூப்பே ஓடுவது டீசலில்.

"டீசலா? லொறிக்கு ஊத்துறதா?" என்று சிரித்தோம். அண்ணா கோவிக்கவில்லை. "ஏறிப் பாருங்கடா, பிறகு சொல்லுங்க" என்றார். மடவளை ரோட்டில் ஒரு சுற்று. ஏற்றத்தில் அவர் காலை மெல்ல அமத்தினார், அவ்வளவுதான். யாரோ நெஞ்சில் கை வைத்து எங்களைச் சீட்டோடு தள்ளின மாதிரி இருந்தது. எஞ்சின் கத்தவுமில்லை. திரும்பி வரும்போது சிரிப்பு நின்றுபோயிருந்தது.

ஆனால் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் கராஜ். புகைபோக்கிக் குழாயின் வழியில் இருக்கும் ஃபில்டர் அடைத்துவிட்டதாம். புதுசு போட்டால் அண்ணாவின் பல மாதச் சம்பளம் போகும். கராஜ் நானா ஒரு வழி வைத்திருந்தார். ஃபில்டர் இருக்கும் டப்பாவைக் கழற்றி, வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்ததை இடித்துக் கொட்டிவிட்டு, வெறும் டப்பாவைத் திரும்ப வெல்டிங் பண்ணிப் பூட்டினார். இன்னொரு தம்பி மடிக்கணினியைக் காரில் கொழுவி எதையோ ஏற்றினான். அதோடு இன்னும் முப்பது, நாற்பது குதிரை கூடும் என்றான்.

பிறகு அண்ணா எஞ்சினை முறுக்கினார். பின்னால் இருந்து கன்னங்கரேல் என்று ஒரு மேகம் எழும்பிப் பக்கத்து மதிலை மூடியது. "இப்பதான் வண்டிக்கு உயிர் வந்திருக்கு!" என்றார் யாரோ. எல்லோரும் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை காலை கம்பஸுக்கு வருகிற பஸ்ஸில் எங்களோடு படிக்கும் ஒருத்தி இருந்தாள். புசல்லாவையில் இருந்து கண்டிக்கு வந்து போர்டிங்கில் தங்கியிருக்கிறாள். சின்ன வயசில் இல்லாத இழுப்பு கண்டிக்கு வந்த இரண்டாம் வருஷத்தில் தொடங்கியது. இப்போது பையில் புத்தகம் இல்லாவிட்டாலும் இன்ஹேலர் இருக்கும். கெட்டம்பேயில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் நின்ற வாகனம் புகையைக் கக்கிக்கொண்டு எடுத்தபோது, அவள் ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, மூடின ஜன்னலுக்குப் பக்கத்தில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தாள். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் சனிக்கிழமை கை தட்டினது இதற்குத்தானே.

இந்தக் கட்டுரை அந்தக் கைதட்டலைப் பற்றியது. 'புகை கூடாது, சுகாதாரத்துக்குக் கேடு' என்று ஐந்தாம் வகுப்புக் கட்டுரை எழுத வரவில்லை. எங்களுக்கு அந்தக் கார் பிடித்திருந்தது, இன்னமும் பிடித்திருக்கிறது. எங்கள் வாதம் வேறு. புகையைப் பவர் என்று நினைப்பது முதலில் எஞ்சினையே பிழையாக விளங்கிக்கொள்வது. நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், எஞ்சினைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். அதனால்தான் அக்பர் பாலத்தைக் கடந்து பொறியியல் பீடத்துச் சினேகிதர்களிடம் போய் நாலைந்து பின்னேரம் உட்கார்ந்தோம். பிளேன்டீ செலவு எங்களுடையது.

பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்து உள்ளே போகும், பிளக் ஒரு பொறி தட்டும், எரியும். டீசலில் பிளக் கிடையாது. ருடோல்ஃப் டீசல் 1890களில் ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க்கில் செய்துகாட்டினது அதைத்தான். வெறும் காற்றை மட்டும் உள்ளே இழுத்து அதை நசுக்கு. பெற்றோல் எஞ்சின் காற்றைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நசுக்கினால், டீசல் பதினாறில் ஒரு பங்கு, சிலது அதுக்கும் கீழே நசுக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம், அதே கதைதான். இங்கே சூடு 500 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த நெருப்புக் காற்றுக்குள் டீசலைப் பீச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும்.

இதில் இருந்துதான் டீசலின் குணம் முழுவதும் வருகிறது. அவ்வளவு அமுக்கத்தைத் தாங்க எஞ்சின் தடித்த உடம்போடு இருக்க வேண்டும், அதனால் பாரம். எரிய நேரம் எடுக்கும், அதனால் பெற்றோல் எஞ்சினைப் போல நிமிடத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுப் போகாது; ஐயாயிரத்துக்குள் மூச்சு முடிந்துவிடும். ஆனால் கீழ்ச் சுற்றிலேயே பலமாகத் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு டோர்க் என்று பெயர், பாடப்புத்தகத்தில் முறுக்கு விசை. கடுகண்ணாவை ஏற்றத்தில் டவுசன் கோபுரத்தை நோக்கி, பாரம் ஏற்றின லொறி ஆள் நடக்கிற வேகத்தில் ஏறுகிறதே, நிற்காமல், பின்னுக்கு வழுக்காமல்? அது டோர்க். குதிரைவலு என்பது அந்தத் தள்ளலை எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்ய முடியும் என்ற கணக்கு.

ஆகவே லொறிக்கு டீசல், ஓட்டத்துக்குப் பெற்றோல் என்று உலகம் ரொம்ப நாளாகப் பிரித்து வைத்திருந்தது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். டீசல் கார் என்றால் செலவு குறைந்த கார், ஹயர் ஓடுகிற கார். அதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கூப்பே செய்ய எவனுக்கு யோசனை வரும்?

மூன்று விஷயம் அந்தப் பிரிவை உடைத்தது. முதலாவது டர்போ. வெளியே போகிற புகைக்காற்றை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றி, அதன் மறுபக்கத்துச் சக்கரத்தால் புதுக்காற்றை எஞ்சினுக்குள் திணிப்பது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலே அந்தச் சக்கரம் சுற்றும். இரண்டாவது கொமன் ரெயில். பழைய பம்பு டீசலை ஏதோ ஊற்றின மாதிரித்தான் கொடுக்கும். கொமன் ரெயிலில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலைப் பயங்கர அமுக்கத்தில் தயாராக வைத்திருந்து, ஒரே எரிப்புக்குள் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சலாம். 1997இல் அல்ஃபா ரோமியோ 156 அப்படி வந்தபோது அமுக்கம் 1350 பார். பத்து வருஷத்தில் 2000 பாருக்குப் போனது. கார் டயருக்கு நாங்கள் அடிக்கிற காற்று இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேலே என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இது எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கும் கணினி.

இதன் பலனை ஒரே காரின் இரண்டு வடிவத்தில் பார்க்கலாம். பிஎம்டபிள்யூவின் 3 சீரிஸ் கூப்பே. பெற்றோலில் ஓடும் 330சிஐ: மூன்று லீட்டர், ஆறு சிலிண்டர், 231 குதிரைவலு, 300 நியூட்டன் மீற்றர் டோர்க், அதுவும் 3500 சுற்றில்தான் கிடைக்கும். 2003இல் வந்த டீசல் 330சிடி: அதே மூன்று லீட்டர், அதே ஆறு சிலிண்டர், 204 குதிரைவலு. குறைவுதான். ஆனால் டோர்க் 410, அது 1500 சுற்றிலேயே கைக்கு வந்துவிடும். குதிரைவலுவை மட்டும் பார்க்கிறவர் பெற்றோலை வாங்குவார். கண்டியில் இருந்து நுவரெலியாவுக்குப் போகிறவர், றம்பொடை வளைவில் ஒரு லொறியை முந்த வேண்டியவர், டீசலை ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது 2007இல் வந்த 123டி. இரண்டு லீட்டர்கூட முழுசாக இல்லாத நாலு சிலிண்டர் டீசலில் இருந்து 204 குதிரைவலு எடுத்தார்கள். லீட்டருக்கு நூறு குதிரை என்ற கோட்டை ஒரு டீசல் கார் தாண்டின கதை அது. எப்படி? சின்ன டர்போ வைத்தால் கீழ்ச் சுற்றில் சட்டென்று எழும்பும், மேலே போனால் மூச்சு வாங்கும். பெரிய டர்போ வைத்தால் மேலே பிரமாதம், கீழே தூங்கும். அவர்கள் இரண்டையும் வைத்தார்கள். முதலில் சின்னது, இடையில் இரண்டும், பிறகு பெரியது. எங்கள் வீட்டில் அம்மம்மாவும் அம்மாவும் சமையலறையைக் கைமாற்றிக்கொள்கிற மாதிரி, வெளியே இருக்கிறவனுக்கு மாறினது தெரியாது. அடுத்த வருஷம் அவுடியும் டிடி கூப்பேயில் 170 குதிரைவலு டீசலைப் போட்டது. கம்பனிக் கணக்குப்படி நூறு கிலோமீற்றருக்கு 5.3 லீட்டர்.

பந்தயத்திலும் டீசல் ஜெயித்தது. 1998இல் நூர்பர்க்ரிங் 24 மணிநேர ஓட்டத்தில் பெற்றோல் கார்களை எல்லாம் விட்டுவிட்டு ஒரு பிஎம்டபிள்யூ 320டி முதலாவதாக வந்தது. 2006 ஜூனில் லு மான் 24 மணிநேர ஓட்டம், அவுடி ஆர்10 டிடிஐ. 5.5 லீட்டர், 12 சிலிண்டர், இரண்டு டர்போ, 650 குதிரைவலுவுக்கு மேல், 1100 நியூட்டன் மீற்றர். லு மானில் ஒரு டீசல் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. (விதிகள் டீசலுக்குச் சாதகமாக இருந்தன என்று போட்டியாளர்கள் குறைப்பட்டதும் உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை.)

இந்த ஆர்10ஐப் பற்றி எங்கள் சினேகிதன் சொன்ன ஒரு விஷயத்தில் நாங்கள் பிளேன்டீயைக் கீழே வைத்தோம். அந்தக் காரில் புகை ஃபில்டர் இருந்தது. பந்தயக் காரில்! ஒரு கிலோ கூடினாலும் கவலைப்படுகிறவர்கள், ஒரு நொடிக்காகக் கோடி செலவழிக்கிறவர்கள், ஃபில்டரைக் கழற்றி எறியவில்லை, பூட்டிக்கொண்டு ஓடினார்கள். கார் கடந்து போகும்போது சத்தம்கூடப் பெரிதாக இல்லை என்பதுதான் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருந்ததாம். கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் தெருவில் கொட்டினதை அவர்கள் லு மானுக்குக் கொண்டுபோய் ஜெயித்திருக்கிறார்கள்.

சரி, அப்ப அந்தக் கரும்புகை என்ன? எரியாத டீசல். அவ்வளவுதான். ஒரு கிலோ டீசல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய பதினாலரைக் கிலோ காற்று வேண்டும், நடைமுறையில் அதுக்கும் மேலே. காற்றுப் போதாத இடத்தில் டீசல் பாதி வெந்து கரியாகிவிடும். ஈர விறகு வைத்த அடுப்பைப் பார்த்து யாராவது 'என்ன பவரான அடுப்பு' என்று சொல்வார்களா? மடிக்கணினித் தம்பி செய்தது, எஞ்சினுக்குக் காற்றைக் கொஞ்சமும் டீசலை நிறையவும் கூட்டினது. கொஞ்சம் குதிரை கூடியிருக்கும், பொய் இல்லை. ஆனால் புகையாகத் தெரிகிற பங்கு குதிரையாக மாறாத பங்கு. 2022 ஜூன் கடைசியில் ஒட்டோ டீசல் லீட்டர் 460 ரூபாவுக்குப் போனது ஞாபகம் இருக்கா? அப்பாமார் இரவிரவாக ஷெட் வாசலில் படுத்து எடுத்து வந்த அதே சாமான்தான் இது. அதைத்தான் மதிலுக்குக் கரி பூசச் செலவழித்துவிட்டுக் கை தட்டினோம்.

றம்பொடைப் பக்கம் ஏறும் சில பழைய பஸ்கள் கம்பளையில் புகைத்ததைவிட மேலே கூடப் புகைப்பதும் இதனால்தான். உயரம் போகப் போகக் காற்று மெலியும். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர், அங்கே காற்றமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். டர்போ இல்லாத பழைய எஞ்சினின் பம்பு இதை அறியாது, கீழே ஊற்றின அதே அளவு டீசலை ஊற்றும். காற்றோ குறைவு. கறுப்பாக வரும். நல்ல டர்போவும் நல்ல கணினியும் உள்ள எஞ்சின் இதை ஈடுசெய்துகொள்ளும். மலைநாட்டுக்கு நல்ல டீசல் எஞ்சின் பொருத்தம் என்று நாங்கள் சொல்வது சும்மா இல்லை.

இந்த இடத்தில் எங்கள் அண்ணாவையும் நானாவையும் மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அவர்கள் செய்தது தெரு ஓரத்து வேலை. இதையே பெரிய அளவில், ஏசி அறையில் இருந்து செய்தவர்கள் இருக்கிறார்கள். டீசல் எஞ்சினியரின் பாடு மத்தளத்தின் பாடு, இரண்டு பக்கமும் இடி. எரிப்பு நல்ல சூடாகவும் காற்று நிறைய இருந்தும் நடந்தால் கரி குறையும், ஆனால் நைதரசன் ஒட்சைட்டு கூடும். அதைக் குறைக்கப் போனால் கரி கூடும். இரண்டையும் ஒன்றாகக் குறைக்க நல்ல எரிப்பு, ஃபில்டர், தனியான சுத்திகரிப்பு எல்லாம் வேண்டும், எல்லாம் காசு. ஃபோக்ஸ்வாகன் குழுமம் குறுக்கு வழியில் போனது. சோதனை நடக்கிறது என்று கார் கண்டுபிடித்தால் மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கும்படி கணினியில் எழுதி வைத்தார்கள். 2015 செப்டெம்பர் 18ஆம் திகதி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதை வெளியே விட்டது. ரோட்டில் சட்ட அளவைவிட 40 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டு. உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் வாகனங்கள். மேலே நாங்கள் மெச்சின அவுடி டிடியின் இரண்டு லீட்டர் டீசலும் அந்த எஞ்சின் குடும்பம்தான். எழுதும்போது கொஞ்சம் கை கூசியது. ஆனால் விடக்கூடாது என்று நினைத்தோம்.

அண்ணாவிடம் வருஷாந்தப் புகைப் பரிசோதனைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். "அன்னிக்கு மட்டும் பழைய ஃபைலை ஏத்திக்கிட்டுப் போவேன்" என்றார். எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லையா? ஜெர்மனியில் செய்தால் உலகச் செய்தி, கட்டுகஸ்தோட்டையில் செய்தால் கெட்டித்தனம்.

கண்டியில் இந்தக் கெட்டித்தனத்துக்கு விலை கூட. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்நூறு மீற்றர் உயரத்தில், சுற்றிவர மலை, நடுவில் ஊர், அடியில் வாவி. ஒரு கிண்ணம். இரவில் குளிர்ந்த காற்று கிண்ணத்தின் அடியில் படிந்து, மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். காலையில் ஸ்கூல் வான், ஒபிஸ் வான், பஸ், லொறி எல்லாம் ஒரே நேரத்தில் அந்த மூடிக்குக் கீழேதான் எஞ்சினை எழுப்பும். தலதா மாளிகைக்கு முன்னால் உள்ள வீதி 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு வாகனங்களுக்கு மூடப்பட்டதால், அந்த நெரிசலும் வாவியைச் சுற்றித்தான் ஊர்கிறது. கொழும்பில் வாகனம் கூட, ஆனால் கடல் காற்று வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும். எங்களுக்கு அப்படி ஒரு விளக்குமாறு கிடையாது. எங்கள் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் பேராசிரியர் ஓ. ஏ. இலேபெரும பல வருஷமாகக் கண்டிக் காற்றைப் பற்றி எழுதியும் பேசியும் வந்ததன் சாரமும் இதுதான்: வாகனப் புகை இந்தப் பள்ளத்தாக்கை விட்டுச் சுலபமாக வெளியேறாது. 2012இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் டீசல் புகையை 'மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும்' என்ற முதலாம் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கிற அதே பிரிவு.

இனி எங்களிடம் திருப்பிக் கேட்கப்படும் கேள்விகள். அண்ணாவே கேட்டார்: "ரோட்டில ஆயிரம் பஸ், லொறி புகைக்குது. என்ட ஒரு கார்தானா கண்ணுக்குத் தெரியுது?" நியாயமான கேள்வி. பஸ்தான் கூடப் புகைக்கிறது, அதில்தான் நாங்களும் போகிறோம். ஆனால் ஒரு பஸ் ஐம்பது, அறுபது பேரைச் சுமந்துகொண்டு புகைக்கிறது. அதன் முதலாளி டிக்கட் காசில் இன்ஜெக்டர் மாற்ற முடியாமல் தடுமாறுகிறார். அவருக்கும் பொறுப்பு இருக்கிறது, அதைக் கேட்க அரசாங்கத்துக்குப் பொறுப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் புகையைப் பார்த்து அவர் கை தட்டவில்லை. ஒரு ஆளைச் சுமக்கிற, சுத்தமாக எரிக்கத் தெரிந்த எஞ்சினை, காசு கொடுத்து அழுக்காக எரியப் பழக்குவது வேறு விஷயம்.

இரண்டாவது கேள்வி நானாவுடையது, அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். "மகன், இந்த ஃபில்டர் இந்த ஊருக்குச் செய்ததில்ல" என்றார். உண்மை. ஃபில்டரில் சேரும் கரியைக் கார் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும், ஆனால் அதற்கு ஃபில்டர் 600 பாகை அளவுக்குச் சூடேற வேண்டும், அதற்குப் பதினைந்து, இருபது நிமிடமாவது நிற்காத ஓட்டம் வேண்டும். குண்டசாலையில் இருந்து கண்டிக்கு ஊர்ந்து வந்து, ஊர்ந்து திரும்புகிற காரில் அது நடக்காது. பாதியில் எஞ்சினை நிறுத்துவோம், கரி சேரும், மஞ்சள் விளக்கு. மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம முதல் குருநாகல் வரை 2022 ஜனவரியில் திறந்தார்கள், கண்டிக்கு அது வந்து சேரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருஷமும் எல்லோரும் கிடைத்த பழையதைத்தான் ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள், பார்ட்ஸ் விலை வானத்தில். நானா கெட்டவர் இல்லை. ஒரு ஐரோப்பிய நெடுஞ்சாலைக்காகச் செய்த சாமானைக் கண்டி ட்ராஃபிக்கில் ஓட வைக்கச் சொல்லி அவரிடம் கொண்டு வருகிறார்கள்.

ஆனால் அதற்குப் பதில் இடித்துக் கொட்டுவதுதானா? ஃபில்டரைக் கழற்றிக் கழுவிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்ட முடியும், அதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று நானாவே பிறகு சொன்னார். இடிப்பதைவிடச் செலவு கூட, புதுசைவிடக் குறைவு. சுப்பர் டீசல் அடிக்கலாம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு விடியற்காலையில் மஹியங்கனைப் பக்கம் ஒரு நல்ல ஓட்டம் ஓடிவிட்டு வரலாம். ஸ்போர்ட்ஸ் கூப்பே வைத்திருக்கிறவனுக்கு அதைவிட நல்ல சாட்டு என்ன வேண்டும்? இவ்வளவும் முடியாது என்றால், தினமும் ஊருக்குள் மூன்று கிலோமீற்றர் போய் வர டீசல் கூப்பே பிழையான கார். ஒரு சின்ன பெற்றோல் காரோ ஹைபிரிட்டோ எடுங்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும், எங்களிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை, காரைப் பற்றிப் புத்தி சொல்கிறோம். ஆனால் அந்தக் காரின் புகை எங்களுக்கும் சேர்த்துத்தானே வருகிறது.

இதை எல்லாம் அண்ணாவிடம் சொன்னோமா? சொன்னோம், இவ்வளவு நீளமாக இல்லை. ஆர்10இல் ஃபில்டர் இருந்த கதையை மட்டும் அவர் நம்பவில்லை, ஃபோனை எடுத்துத் தேடிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி பாப்பம்" என்றார். அந்த 'பாப்பம்' எந்தப் பாப்பம் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. போன கிழமை கலஹா சந்தியில் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது அவர் கார் போனது. எங்களைக் கண்டு ஹோர்ன் அடித்தார். ஆனால் வழக்கமாகச் செய்கிற மாதிரி முறுக்கவில்லை. எங்களோடு அவள் நின்றதாலோ, பின்னால் பொலிஸ் நின்றதாலோ.

அன்று கராஜில் நானா இடித்துக் கொட்டினதில் ஒரு துண்டை, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்ததால், எங்களில் ஒருத்தன் பொலித்தீனில் சுற்றி எடுத்து வந்திருந்தான். அது ஹொஸ்டல் மேசையில் இருக்கிறது. எஞ்சின் பக்கம் இருந்த முனை மை மாதிரிக் கறுப்பு. மற்ற முனை சாம்பல் நிறம். புசல்லாவைக்காரி போன வாரம் அதைக் கையில் எடுத்து, சாம்பல் நிற முனையில் விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மற்றப் பக்கத்தையும் தேய்த்தாள். அதைக் கழுவச் சவர்க்காரம் மூன்று தரம் போட வேண்டியிருந்தது.